ஈர வைக்கோல்

மருத்துவம் படித்துவிட்டுப் பின்னர் துறவு பூண்டவர் மங்களாம்பிகை அம்மை. அவருடைய மடத்தில் அன்னதானப் பந்தியைக் கவனிப்பவர் மாசிலாமணி. சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் பெரியவர். பாயசம் பதமாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு கரண்டி போதாது.

ரத்தப் பரிசோதனை என்றதும் ஊரில் பலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். இரண்டு நாள் வெறும் கஞ்சி குடித்துவிட்டு நல்ல பிள்ளையாகப் போய்க் கையை நீட்டினார். அப்படியும் சர்க்கரை, கொழுப்பு, அங்கேயே பார்த்த ரத்த அழுத்தம் எல்லாமே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தன. உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் ஏறியிருந்தது.

அவர் பயந்துபோனார். ஒரு நாளும் வலி என்று சொல்லாத அவருடைய அண்ணன், சாப்பிட்டு எழும்போதே மாரடைப்பில் போனவர்.

“காய்ச்சல் இல்ல, புண் இல்ல. அப்புறம் எங்கேருந்தும்மா வருது இந்த அழற்சி?”

அம்மை அவரை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போனார். மழைக்குப் பயந்து, காயாத வைக்கோலையே அங்கே அவசரமாகப் போர் போட்டிருந்தார்கள்.

“தொட்டுப் பாருங்க.”

“சில்லுனு இருக்கு.”

நீண்ட இரும்புக் கம்பி ஒன்றைப் போரின் நடுவே செருகினார் அம்மை. சற்றுப் பொறுத்து உருவி நீட்டினார்.

“இப்ப இதைத் தொடுங்க.”

தொட்டவர் கையை உதறிக்கொண்டார்.

“உள்ள யாரு நெருப்பு வெச்சா?”

“யாரும் வைக்கல. ஈரத்தோட மேல மேல அடைச்சிட்டோம். அதுவே புழுங்கிச் சூடாயிருக்கு.”

கேட்டுக்கொண்டிருந்த மாசிலாமணியின் கை தன் வயிற்றின்மேல் போயிற்று.

“அந்த சி.ஆர்.பி. அளவைக் குறைக்க மாத்திரை ஏதும் இருக்காம்மா?”

அம்மை கம்பியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்து அவர் கையில் கொடுத்தார். குளிர்ந்திருந்தது. மாசிலாமணி கம்பியைப் பார்க்கவில்லை, போரைப் பார்த்தார்.

“நான் பிழைச்சுக்குவேனாம்மா?”

“போர் இப்படிச் சூடானா என்ன பண்ணுவீங்க?”

“பிரிச்சுப் போட்டு உலர்த்தணும். லேசுப்பட்ட வேலை இல்ல.” தயங்கினார். “குருபூசை வருது. பந்திய நான்தான் பாக்கணும். அது முடியட்டும், ஆரம்பிச்சிடறேன்.”

அம்மை போரின் உச்சியைக் காட்டினார்.

“புகை கிளம்பினப்புறம் போரைப் பிரிச்சா, காத்துப் பட்டுப் பத்திக்கும், ஐயா. இன்னும் புகை கிளம்பல.”