ஏட்டு பெரியண்ணனின் வலது கை

கொள்ளிடக் கரையோரம் வேதநாயகி ஒரு பயிற்சிக் கூடம் நடத்திவந்தாள். அங்கே எடை தூக்குவது கிடையாது. மூச்சு உள்ளே வரும்போது கைகள் எழும், வெளியேறும்போது தாழும். ஓர் அசைவு முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கிவிடும். எங்கும் நிற்காது.

அவளிடம் பயில வந்தவர்களில் மூத்தவர் பெரியண்ணன். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயது பெரியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கொஞ்சம் அசையும், தோள் வரைக்கும் வராது.

மற்றவர்களின் கைகள் எழும்போது, அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுப்பார். அது நழுவி விழும்.

"தண்டச்சோறு," என்பார் அதைப் பார்த்து. "எந்திரிடா."

பக்கத்தில் நிற்பவர்கள் கேட்காததுபோல் இருந்துவிடுவார்கள்.

ஒருநாள் காலை பயிற்சி நடுவே அவர் கத்தினார்.

"மனசும் உடம்பும் ஒண்ணாச் சேரும்னு சொல்லித்தானே என்னை வரச் சொன்னீங்க? எங்க சேருது? நேத்து பேத்தியை மடியில வச்சிருந்தேன். இந்தக் கை நழுவிடுச்சு. கையைத்தான் திட்டினேன். குழந்தை பயந்து அலறிடுச்சு. என் மக வந்து வாங்கிட்டுப் போனவ, அப்புறம் என்கிட்ட தரவே இல்ல."

சொல்லிவிட்டு இடது கையால் வலது கையை ஓங்கி அடித்தார்.

"வெட்டிப் போட்டாத்தான் என் ஆத்திரம் அடங்கும்."

வேதநாயகி அருகில் வந்தாள். அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

"தண்டச்சோறு. நடடா."

பெரியண்ணன் காலை ஊன்றி நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் மறுபடியும் இழுத்தாள். அவர் நகரவில்லை. கையை உதறினார்.

"யாரைப் பாத்து டா போடுற? பொம்பளைன்னு பாக்குறேன். உன் வயசென்ன, என் வயசென்ன?"

"ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போகத்தான் இழுத்தேன். ஏன் வரல?"

"இப்படி இழுத்தா எவன் வருவான்? நான் என்ன லாக்கப்புல கிடக்கிற திருடனா?"

"தப்புதான். மன்னிச்சிடுங்க." அவள் குரல் தணிந்தது. "ஜன்னல்கிட்ட கொஞ்சம் வர்றீங்களா, ஐயா?"

கை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்கவில்லை. முறைத்துக்கொண்டே தானாக நடந்து போய் ஜன்னலோரம் நின்றார். வெளியே ஆற்றில் மணல்தான் அதிகம். தண்ணீர் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ என்ன சொல்ல வர்றேன்னு புரியாம இல்ல," என்றார். கோபம் இன்னும் இறங்கவில்லை. "நான் மனுஷன். எனக்குக் காது இருக்கு, ரோஷம் இருக்கு. இது வெறும் கை. இதுக்கு என்ன தெரியும்? மாசக்கணக்கா மன்றாடிட்டேன், மிரட்டிட்டேன். இந்தச் சனியன் என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

வேதநாயகி அந்த வலது கையைப் பார்த்தாள். அவர் குரல் உயர உயர, அதன் விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகியிருந்தன.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு, ஐயா," என்றாள்.