வெறுங்கையால் கூப்பிட்டவர்

மலையடிவாரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஆவுடையம்மையின் வீட்டு வாசலில் கோமதிநாயகம் வந்து நின்றார். அவருக்கு வயது அறுபத்தொன்று. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவுடையம்மைக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் அவளிடம் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அவர் அவளை அம்மா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

"அம்மா, நாற்பது கோழி வச்சிருக்கீங்க. கடைத்தீவனம் ஒரு மூடை இந்த வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்ல. அந்த வித்தையை எனக்கும் சொல்லிக்கொடுங்க."

"வித்தை என்ன வித்தை! உங்க வீட்டுல எத்தனை?"

"பதினொண்ணு. எல்லாம் என் வீட்டுக்காரி வடிவு வளர்த்தது. மகளோட பேறுகாலத்துக்குத் திருப்பூர் போயிருக்கா, வர மூணு மாசம் ஆகும். கோழியைப் பார்த்துக்கிடுங்கன்னு ஒரே ஒரு சொல்தான் சொல்லிட்டுப் போனா."

ஆவுடையம்மை எழுந்து கொல்லைக்குக் கூட்டிப்போனாள். பழைய பானையில் காய்ந்த சாணியும் ஓலைத் துண்டும் நனைத்துப் போட்டு, ஈர மண்ணில் கவிழ்த்து வைத்தாள். விடியும்போது பானை முழுக்கக் கரையான் அப்பியிருக்கும், குஞ்சுகளுக்கு அதைவிட ருசி கிடையாது என்றாள். கோழிகள் கிளறிப் புழு பொறுக்கும் குப்பைக் குழியைக் காட்டினாள். முருங்கைக்கீரையும் முட்டை ஓடும் எதற்கு என்று சொன்னாள். சாயங்காலம் கூட்டு வாசலில் ஒரு பிடி அரிசிக் குருணையைப் போட்டு, பா பா பா என்று கூப்பிட்டாள். சாரலுக்குள்ளிருந்து கோழிகள் ஒவ்வொன்றாக வந்தன, தின்றன, தாமாகவே கூட்டுக்குள் போயின.

கோமதிநாயகம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். ஊரில் சிக்கனத்துக்கு அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தேய்ந்த சோப்புச் சில்லைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிக் கரைக்கிற மனுஷர்.

இரண்டரை மாதம் கழித்து அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

"மோசம் போயிட்டேம்மா. சாயங்காலம் ஆனா ஒரு கோழியும் கூட்டுக்கு வரமாட்டேங்குது. குளத்தங்கரைப் புளியமரத்துல போய் உட்கார்ந்துக்கிடுது. மரநாய் ஒவ்வொண்ணாத் தூக்கிட்டுப் போகுது. ஆறுதான் மிச்சம். இன்னும் பதினாறு நாள்ல வடிவு வந்துருவா."

"மரத்துல ஏறிப் பிடிக்கலாமே?"

"பிடிச்சுக் கொண்டாந்து அடைச்சும் பார்த்துட்டேன்."

"காலையில திறந்துதானே ஆகணும்?"

"திறந்தேன். திரும்பவும் மரத்துக்கே போயிட்டுது."

ஆவுடையம்மை அவரோடு நடந்தாள். அவர் வீட்டு வேலியோரம் கோழிகள் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தன. எல்லாம் நல்ல கொழுகொழுவென்று இருந்தன.

"கூப்பிடுங்க."

அவர் கையை இறுக்கி மூடி, குருணை இருப்பதுபோல் குலுக்கினார். பா பா பா என்றார். கோழிகள் தலை தூக்கி அந்தக் கையைப் பார்த்தன. பிறகு குளத்தங்கரைப் பக்கம் நடந்துவிட்டன.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா." அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "கூப்பிட்டாலே உள்ளே போயிருதே, பொறவு எதுக்குக் குருணையை வீணாக்கணும்னு நிறுத்திட்டேன். ரெண்டு வாரம் வெறுங்கையாலேயே அடைச்சேன்."

"பொறவு?"

"பொறவுதான் மரத்துக்குப் போக ஆரம்பிச்சுது."

ஆவுடையம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"இன்னையிலிருந்து தினமும் சாயங்காலம் கூட்டு வாசல்ல ஒரு பிடி குருணை போடுங்க. கூப்பிடாதீங்க."

"கூப்பிடாம எப்படிம்மா வரும்?"

"வராது."

"வராத கோழிக்கா தீனி?"

"ஆமா."

அவருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் போட்டார். அணில் வந்து தின்றது. மைனா வந்து தின்றது. அவர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாரலும் வெயிலும் மாறிமாறி வந்ததில், அவருக்கு எது எந்த நாள் என்றே மறந்துபோனது. ஆறு, ஐந்தானது. ஐந்து, நான்கானது.

அன்றைக்கு அவளைத் தேடிப் போய்ச் சத்தம் போட்டார்.

"இப்போ கை நிறைய இருக்கும்மா! ஒரே ஒரு தடவை கூப்பிட்டுக்கிடுதேன்!"

"கை நிறைய இருக்குறது உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. அதுகளுக்கு?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வடிவு வந்து திட்டினாலும் தாங்கிக்கிடுவேம்மா. அவ திட்டமாட்டா. கூட்டைக் குனிஞ்சு பார்ப்பா. ஒண்ணும் பேசாம உள்ளே போயிருவா. அதை நினைச்சாத்தான் நெஞ்சு நடுங்குது."

அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வடிவு வருவதற்கு முந்தின நாள். சாரல் புகைபோல இறங்கி, வேலி எது, மலை எது என்று தெரியாமல் போயிற்று. முருங்கைப் பூக்கள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. கோமதிநாயகம் குருணையைத் தூவிவிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மை சற்றுத் தள்ளி நின்றாள்.

அந்த வெள்ளைச் சாரலுக்குள்ளிருந்து ஒரு கருப்புக் கோழி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும். கனவில் பார்ப்பதுபோல அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இருந்தார். குருணை குறைந்துகொண்டே வந்தது. கருப்புக் கோழி கடைசி மணியையும் கொத்திவிட்டு, அவர் மூடியிருந்த கையை நிமிர்ந்து பார்த்தது.

அவர் உதடு மட்டும் அசைந்தது. "அம்மா, தீர்ந்துபோச்சு. கையில ஒண்ணுமில்ல. என்ன செய்ய?"

"விரிச்சுக் காட்டுங்க."

"போயிருமேம்மா!"

"காட்டுங்க."

அவர் கையை விரித்தார். கோழி ஒரு கண்ணால் உள்ளங்கையைப் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு அவர் முழங்காலை உரசிக்கொண்டு கூட்டுக்குள் போயிற்று. மற்ற மூன்றும் பின்னாலேயே போயின.

விரித்த கையை மடக்க அவருக்கு வெகுநேரம் தோன்றவில்லை. கன்னத்தில் வழிந்தது சாரல் மட்டுமில்லை.

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சும் உள்ளே போகுதே அம்மா!"

"தெரிஞ்சதனாலதான், அண்ணாச்சி."