கொக்கான தம்பியும் மூன்று பக்கப் புத்தகமும்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் தரையில் நடந்து திரிந்த நாளில், அல்லிநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஒரு வழக்கம். பிள்ளைகள் எழுத உட்கார்ந்தால் பெரியவர் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்து கோணிவிடக் கூடாதே என்று பயம். பத்து வயதானாலும் விடமாட்டார்கள்.

அந்த நாட்டின் ஏரிக்கரையில் எட்டு வயது நாச்சியும் ஆறு வயதுத் தம்பி கோவனும் வாழ்ந்தார்கள். ஒருநாள் காலையில் ஏரியிலிருந்து வெண்பனி எழுந்து வந்தது. அது வெறும் பனியல்ல, பனிக்காரி என்னும் மாயக்காரி. தனியாக விளையாடிக்கொண்டிருந்த கோவன் அதற்குள் ஓடினான். உள்ளே போனது கோவன். வெளியே வந்தது ஒரு கொக்கு.

அம்மா அழுதாள். பனிக்காரி கொட்டாவி விட்டபடி சொன்னாள்: "நான் தூங்கி நூறு வருஷம் ஆகிறது, புதுக் கதை படித்தால்தான் தூக்கம் வரும். நான் படிக்காத புத்தகம் ஒன்று கொடு, பிள்ளையைத் தருகிறேன். பொழுது சாய்ந்தால் கொக்கு கொக்குதான்."

செய்தி கேட்டு ராஜா தங்க அட்டை போட்ட புத்தகத்தை அனுப்பினார். பனிக்காரி முகர்ந்து பார்த்தாள். "இது நான் படித்ததுதான்."

அரண்மனைப் புலவர் அவசர அவசரமாக நூறு பாட்டு எழுதிவந்தார். அவள் ஒரு பாட்டோடு நிறுத்தினாள். "இதுவும் நான் படித்ததுதான். நிலாவை மட்டும் இடம் மாற்றியிருக்கிறார்."

மூன்றாவதாக, அம்மா நாச்சியின் கையைப் பிடித்து எழுதவைத்தாள். முத்து முத்தான எழுத்து. "இதுவும் நான் படித்ததுதான் தாயே. நீ சின்ன வயதில் கேட்ட கதைதானே?"

சாயங்கால வெயில் பனைமர உச்சிக்கு ஏறிவிட்டது.

"அம்மா, கையை விடேன்" என்றாள் நாச்சி.

"கோணிடும்டி."

"கோணட்டும்."

அம்மா விட்டாள். நாச்சி மூன்று தாளில் எழுதி வாழைநாரால் தைத்தாள். ஒரு தாள் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. 'ழ' வரவேயில்லை, பாதியில் விட்டுவிட்டாள்.

முதல் பக்கம்: என் தம்பி இட்லியைப் பாய்க்கு அடியில் ஒளிப்பான். எறும்பு காட்டிக் கொடுத்துவிடும்.

பனிக்காரி சிரித்தாள்.

இரண்டாம் பக்கம்: அவன் தும்மினால் அவனே பயந்துபோவான்.

பனிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் பக்கம்: இன்று காலை நான் அவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. வந்தால் சேர்த்துக்கொள்வேன்.

பனிக்காரி சிரிக்கவில்லை. "இது நான் படிக்காதது" என்றாள் மெல்ல. அவள் கண் கலங்கியது. பனியெல்லாம் துளித்துளியாக ஏரியில் உதிர்ந்தது. அல்லி இலைமேல் தலைவைத்து, நூறு வருஷத் தூக்கத்தில் ஆழ்ந்தாள்.

கரையில் கோவன் ஒற்றைக்காலில் நின்றான். மற்றக் காலை ஊன்றவே கொஞ்ச நேரம் பிடித்தது.

புத்தகத்தை நாச்சி படித்துக் காட்டியதும் அவன் முகம் சுருங்கியது. "தும்மலுக்கெல்லாம் நான் பயப்படவே இல்ல. அக்கா பொய் எழுதியிருக்கா. தாள் குடும்மா, நானே எழுதுறேன்."

அம்மா தாள் கொடுத்தாள். பழக்கத்தில் அவள் கை அவன் கையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.