ஆயிரம் முழக் கயிறும் அடிமரம் இல்லாத ஆலமரமும்

கதை கேட்கிறவர்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் பின்னால் போய்விடுங்கள், எனக்கும் தொற்றிக்கொள்ளும். காட்டைக் கண்டு மனிதன் பயந்த காலம் போய், மனிதனைக் கண்டு காடு பயப்படத் தொடங்கிய காலத்தில், செங்கரை நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார்.

அவர் பெயர் நெடுங்கோன். பெயர்தான் நெடுங்கோன், ஆள் குள்ளம். குள்ளமாக இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. கதை சொல்கிற நானே உயரமில்லை. ஆனால் அரசருக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. உயரமான சிம்மாசனம் செய்தார். கால் தரையில் எட்டவில்லை. உயரமான குதிரை வாங்கினார். ஏறுவதற்கு ஏணி வேண்டியிருந்தது. உயரமான மிதியடி செய்து போட்டார். நடக்கும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் கடல் கடந்து மூன்று வணிகர்கள் அரண்மனைக்கு வந்தார்கள். மிளகும் முத்தும் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் தாங்கள் பார்த்த அதிசயங்களைச் சொன்னார்கள்.

முதல் வணிகன் சொன்னான்: "அரசே, மேற்குக் கடலுக்கு அப்பால் ஒரு மரம் பார்த்தேன். உலகில் அதைவிட உயரமான மரம் இல்லை. உச்சியைப் பார்க்க அண்ணாந்தேன். தலைப்பாகை கீழே விழுந்தது, உச்சி தெரியவில்லை. மேகம் மறைத்துவிட்டது."

இரண்டாவது வணிகன் சொன்னான்: "நான் பார்த்தது பருத்த மரம். இருபது பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதன் வயிற்றுப் பொந்தில் மக்கள் மழைத்தண்ணீரைச் சேர்த்துவைத்து, கோடை முழுக்கக் குடிக்கிறார்கள்."

மூன்றாவது வணிகன் சொன்னான்: "என் மரம் குளிர்மலை உச்சியில் இருக்கிறது. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். அதன் வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல் என்கிறார்கள்."

அரசர் கேட்டார்: "நம் நாட்டில் அப்படி என்ன மரம் இருக்கிறது?"

அமைச்சர் தாடியைத் தடவினார். அவருக்கு அரண்மனை வேப்பமரத்தைத் தவிர வேறு மரம் தெரியாது, அதுவும் பல் துலக்கப் போகும்போது பார்த்ததுதான்.

அன்றைக்கே அரசர் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த உயர மரத்தைவிட உயரமாக, அந்தப் பருத்த மரத்தைவிடப் பருமனாக, அந்தக் கிழ மரத்தைவிட நீண்ட நாள் நிற்கிற கோபுரம் ஒன்றைக் கட்டுவது. அதன் உச்சியில் தான் போய் நிற்பது. கோபுரத்துக்குச் செங்கல் வேண்டும். செங்கல்லைச் சுட விறகு வேண்டும். விறகுக்கு மரம் வேண்டும். முரசு அறைந்தார்கள்: 'உயரம், சுற்றளவு, வயது ஆகிய மூன்றில் ஒன்றிலாவது நாட்டிலேயே முதலாக நிற்கும் மரம் பிழைக்கும். பெருமை இல்லாத மற்ற மரமெல்லாம் சூளைக்கு.'

மரங்களை அளப்பதற்கு மாசிலாமணி என்ற அதிகாரி கிளம்பினார். கையில் ஓர் அளவுகோல், தோளில் ஒரு நூல்கயிறு, முகத்தில் ஒரு கடுகடுப்பு. இப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் விழுதூருக்கு வந்து சேர்ந்தார்.

விழுதூரில் ஓர் ஆலமரம் இருந்தது. அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளையும் பெண்ணும் கிளையில் தொங்கும் விழுது ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆடு கடிக்காமல் இருக்க, பிளந்த மூங்கிலை அதைச் சுற்றிக் கட்டி, உள்ளே ஈரமண்ணை அடைத்து, தரைவரைக்கும் இறக்கிவிடுவார்கள். விழுது மண்ணில் ஊன்றிய அன்று ஊருக்கே பாயசம். அதற்குப் பிறகு அந்தத் தூண் அவர்கள் பேரில் நிற்கும். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால், தங்கள் தூணில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டுதான் பேசித் தீர்க்க வேண்டும். அதனால் சில தூண்கள் மற்றதைவிட வழவழப்பாக இருந்தன. யாருடையவை என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த நிழலில்தான் சடைச்சி கயிறு திரித்துப் பிழைத்தாள். கயிறு திரிக்க நீளமான இடம் வேண்டும்; வெயிலில் நின்றால் நார் காய்ந்து முறுக்கு ஏறாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தன் விழுதில் ஒரு நுனியைக் கட்டி, ராட்டையைச் சுற்றிக்கொண்டே பின்னால் நடப்பாள். அவள் கணவன் மாடன் நாரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வருவான். அந்த மரம் போனால் அவர்கள் வீட்டில் உலை கொதிக்காது.

மாசிலாமணி உயரத்தை அளந்தார். குளத்தங்கரைத் தென்னை அதைவிட உயரம். தோற்றது.

வயதைக் கேட்டார். "அடிமரம் எது? அதை வைத்துத்தான் வயது சொல்ல முடியும்."

"அடிமரம் ஏழு தலமுறைக்கு முன்னாடியே உளுத்துப் போச்சுங்க. அது இருந்த இடத்துலதான் இப்ப சந்த கூடுது" என்றான் மாடன்.

அதிலும் தோற்றது.

பிறகு நூல்கயிற்றை எடுத்து, தூண் தூணாகப் போய்ச் சுற்றளவு பார்த்தார். ஒரு தூண் ஐந்து முழம். இன்னொன்று மூன்று முழம். போன மாசி மாதத்துக் கல்யாணத் தூண் அவர் கட்டைவிரல் பருமன்.

"அடிமரமே இல்லாத மரம்! மூன்றிலும் தோல்வி. அரசரே வந்து முதல் கோடரி போடுவார். சூளைக்குத் தயாராகுங்கள்" என்றார் மாசிலாமணி.

ஊர் அழுதது. சடைச்சியும் அழுதாள். ஆனால் அழுகையோடு அழுகையாக ஒரு கேள்வியும் கேட்டாள்.

"ஐயா, சுத்தளவு பாக்கச் சொன்னது மரத்துக்கா, மரத்தோட காலுக்கா? ஆனைய அளந்துட்டு வாடான்னா, ஒரு கால அளந்துட்டு வந்து, ஆனை அஞ்சு மொழந்தான்னு சொல்லுவீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாசிலாமணியின் முகம் சிவந்தது. ஆனாலும் நேர்மையான மனிதர்; கேள்வியில் நியாயம் இருந்ததை ஒப்புக்கொண்டார்.

"சரி. மரம் முழுவதையும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும்படி கயிறு கொண்டு வா. மூன்று நாள் தருகிறேன். எட்டினால் அளவு செல்லும். எட்டாவிட்டால் கோடரி."

மாடன் நடந்து பார்த்து வந்து, தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "ஆயிரம் மொழத்துக்கு மேல வேணும் புள்ள. நம்மகிட்ட நூறு மொழத்துக்குக்கூட நார் இல்ல. விடு, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்."

"தண்ணிய அவன் ஊத்தட்டும், கயிற நாமதான் திரிக்கணும்" என்றாள் சடைச்சி.

முதல் நாள் ஊரில் இருந்த தேங்காய் நாரெல்லாம் தீர்ந்தது. இரண்டாம் நாள் மாட்டுக் கயிறுகள் வந்தன; அவிழ்த்துவிட்ட மாடுகள் தெருவெல்லாம் திருவிழா கொண்டாடின. மூன்றாம் நாள் கிணற்றுக் கயிறும் தொட்டில் கயிறும் வந்தன. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் மடியில் தூங்கினார்கள். எல்லாவற்றையும் பிரித்து, முறுக்கி, ஒன்றாகச் சேர்த்தாள் சடைச்சி. உள்ளங்கை கொப்பளித்தது. அவள் நிறுத்தவில்லை.

நாலாம் நாள் காலை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அப்படி மணியோசை வந்தது, பின்னால் யானைகள் வந்தன, குதிரைகள் வந்தன, மூவாயிரம் வீரர்கள் வந்தார்கள், கோடரிக்காரர்கள் வந்தார்கள். மூன்று வணிகர்களும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலைக் கண்டதும் படை முழுவதும் உள்ளே நுழைந்தது.

அங்கே ஒரு சங்கதி நடந்தது. விழுதுகள் தாழ்ந்து தொங்கின அல்லவா? தளபதி குனிந்தார். அமைச்சர் குனிந்தார், அப்படியும் ஒன்றில் இடித்துக்கொண்டார். ஆறடி வீரர்கள் கூன் விழுந்த கிழவர்களாக நடந்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் ஒருவர்தான். அவர் நெடுங்கோன்!

அரசர் இப்படியும் பார்த்தார், அப்படியும் பார்த்தார். பிறந்ததிலிருந்து முதல் முறையாக எல்லாருடைய தலையும் தமக்குக் கீழே இருந்தது. அவருக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. மிதியடியைக்கூடக் கழற்றிவிட்டார்.

சடைச்சி வந்து வணங்கி, கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தாள். "இதப் புடிச்சுக்கிட்டு இருங்க மகாராசா. மரத்தச் சுத்திட்டு வந்துடுறேன்."

சுற்றில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று மாசிலாமணியும் கூடவே போனார். புதரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மூன்று வீட்டுக் கொல்லைகளைத் தாண்டிக் கயிறு போயிற்று.

அரசர் காத்திருந்தார். மோர் கொடுத்தார்கள், குடித்தார். தென்றல் அடித்தது, கண் சொக்கியது. கோடரிக்காரர்கள் கோடரியைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டார்கள். எங்கிருந்தோ வந்த மாடு ஒன்று அமைச்சரின் மாலையைத் தின்றது.

"நாம் வெட்ட வந்த மரம் எங்கே?" என்று கேட்டார் அரசர்.

"இந்தத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசே" என்றார் அமைச்சர்.

"அப்படியா? மரத்தை வெட்டினாலும் இந்தத் தோப்பில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது, சொல்லிவையுங்கள்."

வெகுநேரம் கழித்து, இடப்பக்கம் போன சடைச்சி வலப்பக்கத்திலிருந்து வந்தாள். கயிற்றின் மறு நுனி அவள் கையில் இருந்தது.

"சுற்றியாயிற்றா? மரம் எங்கே அம்மா?"

"காலையிலேர்ந்து அதுக்குள்ளதான உக்காந்திருக்கீங்க மகாராசா!"

அரசர் எழுந்தே விட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நூற்றுக்கணக்கான தூண்கள், மேலே அண்ணாந்தால் எல்லாம் ஒரே கிளைவிரிப்பு. "இது தோப்பு இல்லையா? ஒரே மரமா?"

அதற்குள் மாசிலாமணி சத்தம் போட்டார். "அரசே, எட்டவில்லை! இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் நடுவே நாலு முழம் இடைவெளி. கட்டளைப்படி இந்த அளவு செல்லாது."

சடைச்சி கயிற்றை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மூன்று நாள் அடக்கிவைத்த அழுகை பொங்கி வந்தது. ஊரில் இனி ஒரு சாண் கயிறு கிடையாது. தொட்டில் கயிறுகூடத் தீர்ந்துவிட்டது. ஆயிரம் முழம் வந்த கயிறு நாலு முழத்தில் நின்றுவிட்டது. கோடரிக்காரர்களை யாரோ எழுப்பினார்கள்.

அரசர் கையில் இருந்த நுனியைப் பார்த்தார். புண்ணாகிப் போன சடைச்சியின் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு தம் பட்டுத் தலைப்பாகையைச் சரசரவென்று அவிழ்த்து, ஒரு முனையை இந்த நுனியிலும் மறு முனையை அந்த நுனியிலும் தாமே முடிச்சுப் போட்டார். தலைப்பாகை போனதும் இன்னும் ஒரு சாண் குறைந்துவிட்டார். கவலைப்படவில்லை.

"இப்போது எட்டிவிட்டதா மாசிலாமணி?"

"எட்டிவிட்டது அரசே!" என்றார் மாசிலாமணி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

அரசர் வணிகர்கள் பக்கம் திரும்பினார். "உங்கள் உயர மரத்தின் அடியில் என் படையை உட்கார வைக்கலாமா?"

"ஐம்பது பேர் உட்காரலாம் அரசே. நிழல் வேறு எங்கோ விழும்" என்றான் முதலாமவன்.

"என் மரத்தில் ஆண்டில் பாதி நாள் இலையே இருக்காது" என்றான் இரண்டாமவன்.

"என் மரத்தடியில் ஓர் ஆடு நிற்கலாம். அதுவும் இளைத்த ஆடு" என்றான் மூன்றாமவன்.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். கடைசியாக ஒன்று கேட்டார்: "சடைச்சி, அடிமரம் போனபோது இந்த மரம் எப்படி விழாமல் நின்றது?"

"அது போனதே யாருக்கும் தெரியலையாம் மகாராசா. அதுக்குள்ள அத்தன விழுதும் ஊனிக்கிச்சு. அடிமரம் நான் மட்டுந்தான் நிக்கணும்னு நெனச்சிருந்தா, அன்னிக்கே எல்லாம் சாஞ்சிருக்கும்."

 அரசர் கோபுரம் வேண்டாம் என்று சூளையை அணைக்கச் சொன்னார். அதுவரை சுட்ட செங்கல்லை ஊர்க் கிணறுகளுக்குக் கட்டுச்சுவர் எழுப்பக் கொடுத்தார். "இனி மரத்தை அளக்கிறவர்கள் அதன் நிழலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்" என்று முரசு அறையச் சொன்னார். மாசிலாமணி நாடு முழுக்க மறுபடி அளந்தார். வெட்டுவதற்கு ஒரு மரமும் கிடைக்கவில்லை. ஒல்லி முருங்கையின் நிழலில்கூட நாலு கோழிகள் படுத்திருந்தன.

அரசர் அரசியை அழைத்துவந்து ஒரு விழுதைத் தேர்ந்தெடுத்தார். உயரமான விழுதைக் காட்டினார்கள். வேண்டாம் என்று, தம் கைக்கு எட்டுகிற விழுதுக்கே மூங்கில் கட்டினார். தாழ்ந்து தொங்கியதால் அது சீக்கிரமே மண்ணைத் தொட்டது. பாயசத்துக்கு மூவாயிரம் பேரும் வந்தார்கள்.

ஆகவே கேட்டவர்களே, தான் ஒருவனாக ஓங்கி நிற்பவனைவிடத் தன்னைச் சுற்றிப் பலரையும் ஊன்றி நிற்கவிடுகிறவனே பெரியவன்.