பெனிதாவின் ரொட்டி தட்டையான கதை

ஆடுமாடு மட்டுமல்ல, அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கியூபாத் தீவில் பெனிதா என்றொருத்தி இருந்தாள். சுருட்டுத் தொழிற்சாலை வாசலில் மதியச் சாப்பாடு விற்பது அவள் பிழைப்பு. புருஷன் கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது. பேச்சுத்துணைக்கு ரொட்டிதான். சும்மா சொல்லக்கூடாது, ஊர்வம்பு அத்தனையும் அதற்கு அத்துப்படி.

ரொட்டியைப் பிளந்து, நடுவில் சுட்ட பன்றிக்கறி, உப்பிட்ட தொடைக்கறி, பாலாடைக்கட்டி, வெள்ளரி ஊறுகாய், கடுகு விழுது என்று அடுக்கித் தருவாள். சாண் உயரம் இருக்கும். அந்த உயரத்தில் ரொட்டிக்கு ஏகப் பெருமை.

சுருட்டுக்காரர்கள் ஒரு தினுசான கூட்டம். வேலை நேரத்தில் அவர்களுக்குக் கதை வாசிக்க மேடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். ஒரு வரி தவறிவிடுமோ என்று சாப்பாட்டு வேளையிலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு கையில் ரொட்டி, மறுகையில் புகையிலை. கதாநாயகி அழுதால் இவர்கள் பிடி தளரும், கறி நழுவிப் புகையிலைமேல் விழும். அப்படி விழுந்த ஒரு துணுக்கைக் கவனிக்காமல் ஒருவன் சேர்த்துச் சுருட்டிவிட்டான். அந்தச் சுருட்டு போய்ச் சேர்ந்ததோ முதலாளியின் வாய்க்கு.

மேஸ்திரி செவேரோ வாசலுக்கு வந்து கத்தினார்.

“நாளைக்கு ஒரு துணுக்கு கீழ விழட்டும், அப்புறம் இந்தப் பக்கம் நீ தலைவச்சும் படுக்கக் கூடாது!”

இந்த வாசலை விட்டால் பெனிதாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் காலை எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, துணி தேய்க்கச் சூடேற்றியிருந்த இஸ்திரிப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க ராசா.”

“அமுக்கினா வாய் ஒட்டிக்குமே பெனிதா, எப்படிப் பேசுறது?” என்றது ரொட்டி. “மேஸ்திரி மச்சினி சேதி வேற பாதியில நிக்குது.”

“சாயங்காலம் பேசிக்கலாம்” என்று சொல்லி, பலம் கொண்ட மட்டும் அமுக்கினாள்.

பாலாடைக்கட்டி உருகிக் கறியையெல்லாம் பிடித்துக்கொண்டது. மேலோடு மொறுமொறுவென்று ஆனது. அன்று கதையில் கதாநாயகி செத்தே போனாள். சுருட்டுக்காரர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். ஆனாலும் ஒரு துணுக்கு கீழே விழவில்லை. செவேரோவே இரண்டு வாங்கித் தின்றார்.

சாயங்காலம் பெனிதா புதிதாய்ச் சுட்ட ரொட்டியை எடுத்துக் காதோரம் வைத்தாள். பேச்சில்லை. மறுநாள் சுட்டதும் பேசவில்லை. “தப்புதான், மன்னிச்சுக்க” என்று கெஞ்சிப் பார்த்தாள். ரொட்டி ஜாதியே வாயை மூடிக்கொண்டுவிட்டது. அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுநாளுக்கு மாவு பிசைந்தாள்.

அன்று முதல்தான் கியூபாக்காரர்கள் சாண்ட்விச்சைச் சூட்டில் வைத்துத் தட்டையாக அமுக்குகிறார்கள். அமுக்கும்போது ரொட்டி ஏதோ சொல்ல வருவதுபோல் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் எழும், அதற்குமேல் ஒரு வார்த்தையும் வராது.