முள்ளையாவுக்காகப் பேசிய மைனா

ஒரே ஒரு காடாம், அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு ஆறாம். அதன் இக்கரையில் முள்ளையா என்ற முள்ளம்பன்றி, நிறைமாத மனைவியோடு குடியிருந்ததாம்.

ஒருநாள் காலையில் கரடி அலறிக்கொண்டு ஓடி வந்தது.

"ஐயோ, என் வள்ளிக்கிழங்கெல்லாம் போச்சே! நேத்து மழை விட்டப்புறம்கூட குழியில இருந்துச்சே!"

குழி ஓரத்தில் முள்ளம்பன்றியின் முள் ஒன்று கிடந்தது. அவ்வளவுதான், காடு முழுக்க ஒரே பேச்சு. "முள்ளையா திருடிட்டானாம்!"

முள்ளையா திருடவில்லை. முந்தின நாள், மழைக்கு முன்னால், மனைவி ஆசைப்பட்ட நெல்லிக்காய் பறிக்க அந்த வழியாகப் போயிருந்தது. அப்போது உதிர்ந்த முள் அது. ஆனால் யார் நம்புவார்கள்?

நியாயம் சொல்லும் காட்டெருமை, "நாளைக்குச் சபை. திருட்டு உறுதியானால் அன்றைக்கே ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும்" என்றது.

"இந்த வயித்தை வச்சுக்கிட்டு நான் எங்கே போவேன்?" என்று மனைவி அழுதது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். பழி சுமந்தவர் சபையில் வாய் திறக்கக் கூடாது. பயத்தில் நாக்குக் குழறுமாம். ஆகவே தனக்காகப் பேச ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். சபை கூடிய பிறகு ஆளை மாற்ற முடியாது.

முள்ளையா முதலில் உடும்பிடம் போனது.

"கரடியோட குழிப் பக்கம் போனியா, தம்பி?"

"நான் யோக்கியன், அக்கா!"

"யோக்கியனான்னு கேக்கலை. போனியான்னு கேட்டேன். எப்போ போனே? எதுக்குப் போனே? கிழங்கு போனது மழைக்கு அப்புறம்; மழைக்கு முன்னாடி விழுந்த முள்ளுன்னா அதைச் சேறு மூடியிருக்கும். போய்ப் பார்த்தியா?"

முள்ளையாவின் முட்களெல்லாம் சிலிர்த்துக்கொண்டன. "திருடனைக் குடையுற மாதிரி என்னையே குடையுறியே!"

"சபையில இதைவிடக் குடைவாங்க. முதல்ல என்கிட்ட சொல்லிடு."

முள்ளையா நின்று கேட்கவில்லை. விறுவிறுவென்று நாவல் மரத்து மைனாவிடம் போய்விட்டது.

"அடடா, வாங்க அண்ணே!" என்றது மைனா. "உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே, நீங்க சொக்கத் தங்கம்னு! எல்லாம் நான் பார்த்துக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க!"

"என்ன நடந்ததுன்னு கேக்க வேண்டாமா?"

"கேட்டா உங்க மனசு புண்படும்ல!"

முள்ளையாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

மறுநாள் சபை கூடியது. கரடி அந்த முள்ளை ஆற்றில் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தது. அதில் சேறு இருந்ததா என்று மைனா கேட்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தது.

"ஐயா! என் கட்சிக்காரர் அன்னிக்கு இக்கரையிலேயே இல்லை! அக்கரையில அத்தை வீட்டு விருந்துக்குப் போயிருந்தார். மழையெல்லாம் விட்டு, விடியற்காலையிலதான் திரும்பி வந்தார்!"

முள்ளையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் திறக்க முடியாதே!

"விடியும்போது ஆறு கரைபுரண்டு ஓடியதே" என்றது காட்டெருமை. "எப்படிக் கடந்து வந்தான்?"

எங்கேயும் பறந்தே போய்ப் பழகிய மைனாவுக்கு, ஆற்றைக் காலால் கடக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"பறந்து வந்திருப்பான்!" என்றது கரடி. சபையே சிரித்தது.

காட்டெருமை சிரிக்கவில்லை. "திருடாதவனுக்குப் பொய் எதற்கு? பொழுது சாய்வதற்குள் போய்விடு."

"என்ன அண்ணே செய்யிறது, உங்க நேரம் சரியில்லை!" என்று சொல்லிவிட்டு மைனா பறந்துபோனது.

முள்ளையா உடும்பைப் பார்த்துக் கெஞ்சியது. "இப்பவாவது எனக்காகப் பேசு, அக்கா!"

"தீர்ப்புச் சொன்னப்புறம் யாரும் பேச முடியாது, தம்பி." உடும்பு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதருக்குள் போனது.

ஒவ்வொன்றாக எல்லா விலங்குகளும் கலைந்தன. வெள்ளம் இன்னும் முழுசாக வடியவில்லை. முள்ளையா மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. தடுமாறித் தடுமாறி அக்கரை ஏறி, திரும்பிப் பார்க்காமல் நடந்து மறைந்தது.

வம்பில் மாட்டிக்கொண்டால், உண்மையைக் குடைந்து கேட்கிறவரையே நமக்காகப் பேச அழைக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் இனிக்க இனிக்கப் பேசுகிறவரை நம்பினால், குற்றமற்றவனும் குற்றவாளி ஆகிவிடுவான்.