பின்சீட்டு இன்னும் கிளம்பவில்லை

கார் பார்க்கப் போனது நிஜம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்துக்கு ரெஜினாதான் பொறுப்பு. அவள் என் வாயைக் கிளறாமல் இருந்திருந்தால், நான்பாட்டுக்குப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன்.

அன்றைக்குப் புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். என் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பதினாலு வாரம் முடிந்திருந்தது. அத்தைக்கு முழங்கால் வீக்கம், வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். அகரனைத் துண்டால் மார்போடு கட்டி, ஆதிரையைத் தோளில் சாய்த்து, குடைக்கம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புதுசாய்ப் போட்ட தார் ரோட்டில் ஒன்றரை கிலோமீட்டர். வந்ததும் நர்ஸ் சொர்ணக்கா ஆளுக்கு ரெண்டு ஊசி போட்டார்.

"அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போகணும். காய்ச்சல், தடிப்பு ஏதும் வருதான்னு பாக்கணும்" என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். ஆதிரைக்கு ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம். அகரனுக்கு அசைவே ஆகாது. அதனால் என் வலது தொடை ஆடிக்கொண்டிருக்கும், இடது தொடை கல்லுமாதிரி இருக்கும். ஊசி போட்ட கால்களோடு இந்த ரெண்டையும் எப்படித் திரும்பத் தூக்கிக்கொண்டு போவது என்பதுதான் அப்போது என் கவலை. எந்தப் பக்கம் இடுக்கினாலும் ஒன்று அலறும்.

பக்கத்தில் ரெஜினா. எங்கள் தெருக்காரி. மகள் ஜெனிட்டாவுக்கு ஐந்து வயசு ஊசி போட வந்திருந்தாள். அவள் மகள் தன் காலில் நடந்துவிடுவாள். ரெஜினாவின் ரெண்டு கையும் காலி. அதை நான் பார்த்து வைத்திருந்தேன்.

"ஏட்டி கோமதி, ஆடி பிறக்கறதுக்குள்ள கார் வந்துரும்னு தெரு பூராச் சொன்னே. இன்னும் நடராஜா சர்வீஸ்தானா?" என்றாள்.

"கார் வந்தாச்சே."

"எங்க வந்துச்சு?"

"சொன்னா நம்ப மாட்டே."

"நம்பத்தான் மாட்டேன். இருந்தாலும் சொல்லு, பொழுது போகணும்ல."

"பந்தயம் வெப்போமா? அரை மணி நேரத்துல நீ என்ன வேணாக் கேளு. ஒரு கேள்விக்கு நான் திருதிருன்னு முழிச்சாக்கூட, உன் மக பள்ளிக்கூடப் பையையும் சேத்து நானே சுமந்துட்டு வாரேன். முழிக்கலைன்னா, அகரனை எங்க வீடு வரைக்கும் நீ தூக்கணும்."

ரெஜினா யோசிக்கவே இல்லை. "சொர்ணக்காதான் சாட்சி" என்றாள். சொர்ணக்கா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். நான் ஆரம்பித்தேன்.

"எதுக்குப் பெரிய காருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோ. எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பைக். இவுக ஓட்டுவாக, டேங்க் மேல பெரியவன் கதிர், பின்னால நான், எனக்குப் பின்னால அத்தை, அத்தைக்குப் பின்னால மாமா. மாமா பாதி சீட்டுல, பாதி காத்துல. சங்கரன்கோவில் ரோட்டுல ஒரு போலீஸ்காரர் மறிச்சு எண்ணினாரு. அஞ்சு பேருன்னு எழுதி முடிக்கல, எனக்கு வலி எடுத்து ஆதிரை பிறந்துட்டா. அடிச்சுட்டு ஆறுன்னு எழுதினாரு. மை காயல, அகரன் வந்துட்டான். மனுசன் பேனாவைச் சட்டையில செருகிட்டு, 'தாயே, சீக்கிரம் கிளம்புங்க, நிக்க நிக்கக் கூடிக்கிட்டே போகுது'ன்னு கும்பிட்டாரு."

"உனக்குப் பிரசவம் ஆனது சர்க்கார் ஆஸ்பத்திரியில. அட்டையில இருக்கு" என்றார் சொர்ணக்கா.

"அட்டையில ஊர் எழுதுற கட்டம் எத்தனை சின்னதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? 'சங்கரன்கோவில் ரோடு, ரெண்டாவது புளியமரம், வடவோரம்'னு எழுத எடம் பத்தல."

சொர்ணக்கா எங்கள் அட்டையை எடுத்துக் கட்டத்தைப் பார்த்தார். சின்னதுதான். வைத்துவிட்டார்.

"ஷோரூமுக்குப் போனோம். கழுத்துல டை கட்டின தம்பி ஒருத்தர் பட்டனை அமுக்கி, 'மேடம், சன்ரூஃப்'னாரு. காரோட கூரை திறந்துச்சு, கூடவே இவுக வாயும் திறந்துச்சு. கூரை மூடிருச்சு, இவுக வாய் மூடல. வாங்கினா இது வெச்சதுதான் வாங்கணும்னு கதிரைவிட மோசமா அடம் பிடிக்காக. நான் சொன்னேன், நம்ம ஊர் வெயில் கதவைத் தட்டாமலே உள்ள வரும், அதுக்குக் கூரையில ஓட்டை போட்டுப் பத்திரிகை வேற வைக்கணுமான்னு."

"அது சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றாள் ரெஜினா.

"நான் வேண்டியதை எல்லாம் காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதிக் கொண்டுபோயிருந்தேன். குலதெய்வம் கோயிலுக்குப் போனா பொங்கல் அண்டா டிக்கியில அடங்கணும். அத்தை முழங்காலை மடக்காம ஏறணும். இந்த ரெண்டும் ஒரே நேரத்துல தூங்கணும். இவ்வளவுதான். டை கட்டின தம்பி மொத வண்டியோட டிக்கியைத் திறந்து, 'நானூத்தி முப்பது லிட்டர் மேடம்'னாரு. லிட்டர்னு சொன்னா ஊத்திப் பாக்க வேண்டாமா? குடம் கேட்டு வாங்கி ஊத்தினேன்."

"காருக்குள்ளயா?"

"பின்ன, லிட்டர்னு அவருதானே சொன்னாரு. இருபத்தெட்டு குடம் பிடிச்சுது. இருபத்தொன்பதாவது குடத்துல வழிஞ்சுது. தம்பி பொய் சொல்லல, தங்கமான பிள்ளை."

"டிக்கியில தண்ணி எப்படிட்டி நிக்கும்? கதவு இடுக்குல ஒழுகிராது?"

"மழைத்தண்ணி உள்ள வராத கதவுல, உள்ள இருக்குற தண்ணி மட்டும் எப்படி வெளிய போகும்?"

நான் நிறுத்தவில்லை.

"அண்டாவை மிதக்க விட்டுப் பாக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கூந்தன்குளம் சரணாலயத்துக்குப் போக வேண்டிய ரெண்டு நாரை தண்ணியப் பாத்துட்டு இறங்கிருச்சு. இறங்கினது சும்மா இருந்துச்சா? முட்டை வெச்சிருச்சு. குஞ்சு பொரிச்சுப் பறக்குற வரைக்கும் வண்டியை விக்க முடியாதுன்னு கைய விரிச்சுட்டாங்க."

"பத்து நிமிஷம் ஆச்சு" என்றார் சொர்ணக்கா.

"ரெண்டாவது வண்டி நல்ல உசரம். பள்ளத்துல இறங்கினாலும் அடி தட்டாது, தரைக்கும் வண்டிக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளின்னாரு. எவ்வளவுன்னு நான் கேக்குறதுக்குள்ள, வைக்கோல் பாரம் ஏத்தின டிராக்டர் ஒண்ணு அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் போச்சு. போனவர் நின்னு, 'பாலம் நல்லாக் கட்டியிருக்காங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

"உங்க அத்தை எப்படி ஏறினாங்க?" இது ஜெனிட்டா.

"ஏணி வெச்சுத்தான் செல்லம். முழங்காலை மடக்காம, பக்கவாட்டுல, ஒவ்வொரு படியா. காலையில ஏற ஆரம்பிச்சாக. பாதி வழியில பசிக்குதுன்னாக, இட்லி குடுத்து அனுப்பினோம். மேல போய் உக்காந்ததும் சுத்திச் சுத்திப் பாத்தாக. போனை எடுத்தாக. கடையநல்லூர்ல இருக்குற தங்கச்சிக்குப் போட்டு, 'ஏட்டி, மாடியில வத்தல் காயப்போட்டுட்டு உள்ள என்ன பண்ணுதே, காக்கா கொத்துதுல்லா'ன்னாக. அத்தை எறங்குனதும் அந்த வண்டி வேண்டாம்னுட்டேன்."

"ஏன்? நல்லாத்தானே இருக்கு?"

"மாமியா அம்புட்டு உசரத்துல உக்காந்தா மருமக கதி என்னாகுறது?"

ஊசிக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அகரன் முழித்துக்கொண்டு சிணுங்கினான். இடது தொடையை இன்னும் கொஞ்சம் கல்லாக்கினேன்.

"டை கட்டின தம்பி அழாத குறை. 'உள்ள ஒண்ணு இருக்கு மேடம், யாருக்கும் காட்டுறதில்ல'ன்னு குடோனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. மூணு வரிசை சீட்டு. மூணாவது வரிசையைப் பாத்துட்டு வாரேன்னு உள்ள ஏறி நடந்தேன். நடந்தேன், நடந்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது வரிசையில கதிர் எதிர்ப்பட்டான். 'பின்வரிசை இன்னும் எவ்வளவு தூரம்டா'ன்னேன். 'நானும் அதைத்தாம்மா தேடுறேன்'னான்."

"ரீல் விடுதா பாரு."

"இன்னும் இருக்கு கேளு. ஓட்டிப் பாக்கணும்னு எங்க தெருவுக்கே கொண்டுவரச் சொன்னேன். முன்சீட்டுல மாமா மடியில ஆதிரை. பின்சீட்டுல அத்தை மடியில அகரன். வண்டியை எடுத்தாக. முன்சீட்டு பிள்ளையார் கோயில் தாண்டிருச்சு, ஆட்டத்துல ஆதிரை தூங்கிட்டா. பின்சீட்டு எங்க வாசல்லயே நிக்கு, இன்னும் கிளம்பல. அசைவில்லாம அகரனும் தூங்கிட்டான்."

"முன்னால போனா பின்னால எப்படிட்டி நிக்கும்?"

"முன்னால கிளம்பின சேதி பின்னால போய்ச் சேர வேண்டாமா? நீளம் அப்படி. அந்த நேரம் பாத்து அத்தைக்குச் சந்தேகம், கேஸை அமத்தினோமா இல்லியான்னு. பிள்ளையைச் சீட்டுல கிடத்திட்டு இறங்கினாக, அடுப்படிக்குப் போனாக, கேஸை அமத்தினாக, ரெண்டு தோசை மீந்து கிடந்துச்சு, அதையும் தின்னுட்டுக் கைகழுவி வந்து ஏறினாக. பின்சீட்டு அப்பவும் கிளம்பல. அத விடு, முன்சீட்டுல நானும் இவுகளும் பேசுற பேச்சு பின்சீட்டுல அத்தை காதுக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகுது. அதுக்காகவே இதை எடுத்துருவோம்னு சொல்லிட்டேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு புதுப்பெண், கைக்குழந்தையோடு, "அக்கா, அந்தக் கார் இன்னொண்ணு கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் விளையாட்டுக்குக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"ஆனி கடைசி நாள் பூஜை போட்டோம். ஆடி பிறந்துட்டா எடுக்கக்கூடாதுல்ல. முன் டயர் ரெண்டுக்கும் எலுமிச்சம்பழம் இங்க வெச்சேன். பின் டயர் ரெண்டுக்கும் வைக்க ஷேர் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு ஓடினேன். நான் வெச்சு முடிக்கவும் ஆடி பிறக்கவும் சரியா இருந்துச்சு."

"மைலேஜ் எவ்வளவு குடுக்கு?" சொர்ணக்கா பேனாவை மூடிவிட்டார். அவர் வீட்டிலும் கார் பார்க்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

"ஓடுனாத்தானேக்கா மைலேஜ்? பின்பக்கம் எங்க வாசல்ல நிக்கு. முன்பக்கம் போக வேண்டிய எடத்துல நிக்கு. நடுவுல எண்ணெய்க்கு என்ன வேலை?"

"வளைவுல எப்படித் திரும்பும்?" என்றாள் ரெஜினா.

"எதுக்குத் திரும்பணும்? போகணும்னா முன்பக்கம் இறங்கு. வீட்டுக்கு வரணும்னா பின்பக்கம் இறங்கு."

"அஞ்சு நிமிஷம் இருக்கு" என்றார் சொர்ணக்கா.

ரெஜினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் எதையோ பதுக்கி வைத்திருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அப்போ இன்னைக்கு ஏன் நடந்து வந்தே? வாய்க்கால் பாலத்துக்கிட்ட நான் பாத்தேன். ரெண்டையும் சுமந்துக்கிட்டு, மூச்சு வாங்க வாங்க."

"நடந்துதான் வந்தேன். இல்லைன்னு சொன்னேனா? காருக்குள்ள நடந்து வந்தேன். எங்க வாசல்ல பின்பக்கம் ஏறினேன், இங்க முன்பக்கம் இறங்கினேன். கார் நின்னுச்சு, அதனால அகரன் தூங்கினான். நான் நடந்தேன், அதனால ஆதிரை தூங்கினா."

"காரே இல்லாத ரோட்டுல காருக்குள்ள நடந்தாளாம். வாசல்ல போய்ப் பாருங்கக்கா, ஒரு சைக்கிள்கூட நிக்கல."

"ரெஜினா, எங்க வாசல்ல இருந்து இந்த வாசல் வரைக்கும் கருகருன்னு, வழவழன்னு, ஒரு பள்ளமில்லாம ஒண்ணு கிடக்கே, அது என்ன?"

"ரோடு. போன மாசம்தானே போட்டாங்க."

"நம்ம ஊருக்கு ரோடு வேணும்னு எத்தனை வருஷமா மனு குடுக்கோம்? கேட்டதும் போட்டுட்டாங்கன்னா நினைக்கே? அது எங்க காருக்குள்ள விரிச்ச ரப்பர் மேட். நீயும் உன் மகளும் காலையில அதுலதான் வந்தீங்க. தெருக்காரியாச்சேன்னு நான் ஒண்ணும் சொல்லல."

எல்லாரும் ரெஜினாவைப் பார்த்தார்கள். ரெஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு அவள் கண் என் காலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்திருந்த குடைமேல் போய் நின்றது. ஜெனிட்டாவின் பள்ளிக்கூடப் பையை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"காருக்குள்ள நடந்தவளுக்குக் குடை எதுக்குட்டி?"

சத்தியமாக அந்தக் குடையை நான் மறந்தே போயிருந்தேன். பை கனமான பை. கீழே வைக்கும்போதே தொம்மென்று சத்தம் வந்தது. வலது தொடை தானாக ஆட்டத்தை நிறுத்திவிட்டது, ஆதிரை லேசாகக் கண்ணைத் திறந்தாள். சொர்ணக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முழிக்கிறேனா என்று.

"இவுக பேச்சைக் கேட்டா இப்படித்தான்" என்றேன். "வேண்டாம் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அந்த நீளம் பூராவுக்கும் சன்ரூஃப் வெச்சுட்டாக. திறந்தது திறந்தபடி நிக்கு, மூடுற பட்டன் எங்க இருக்குன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்காக."

"அரை மணி ஆச்சு. காய்ச்சல் இல்ல, தடிப்பும் இல்ல. கிளம்புங்க" என்றார் சொர்ணக்கா. பிறகு ரெஜினாவிடம், "பையனைத் தொடை அமுங்காம தூக்கு" என்றார்.

ரெஜினா பையை மகள் முதுகில் மாட்டிவிட்டு, அகரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு கை காலியாகி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. குடையை விரித்து அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தேன்.

தார் கொதித்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது ரெஜினா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"உன் கார்ல ஏசி சரியில்லட்டி."